நான்கு கட்டங்களும் ஒரு கேள்வியும்



தில்லியிலோ, மும்பையிலோ, நாகபுரியிலோ குடியிருக்கும் தமிழன்பர் வீட்டுக்குக் குடிக்கணக்கு எடுப்பவர் வருகிறார். அவர் கேட்கும் கேள்விகள் இரண்டு இனத்தவை. வயது என்ன, வீட்டில் எத்தனை அறைகள் என்பன போன்றவற்றுக்கு நாம் எண்ணால் விடை சொல்கிறோம். தாய்மொழி எது, எழுதப் படிக்கத் தெரியுமா, பிறந்த ஊரிலேயே இருக்கிறீர்களா, வேற்றூரிலிருந்து வந்தவர்களா என்ற கேள்விகளுக்கோ எண் விடையாவதில்லை. தமிழையும் வங்காளியையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி காண யாராலும் இயலாது. இன்ன வகையினர் இத்தனை பேர் என்று தலைகளை எண்ணுவது ஒன்றே இங்கே செய்யக்கூடியது. இத்தகையவற்றைப் புள்ளியியலார் வகைப்பாட்டு விவரங்கள் என்பர்.

எண்ணுவது எளிது. எண்ணியதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் கடினம். ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் என்று மக்களை இரண்டாகப் பிரிக்கிறோம். நோய் கண்டவர்கள், காணாதவர்கள் என்று அவர்களையே மறுபடியும் இரண்டாகப் பிரிக்கிறோம். நான்கு கட்டங்கள் கொண்ட சிறு அட்டவணை ஒன்று கிடைக்கிறது. அதைப் பார்த்து, அந்த ஊசி உயிரைக் காக்கிறது என்று சொல்லலாமா? ஒரு நகரமே அந்த விடைக்காகக் காத்திருக்கும் சமயங்கள் உண்டு. கல்கத்தா ஒருகாலத்தில் அப்படித்தான் காத்திருந்தது. அதன் கதையைக் கொண்டே இன்றைய பொருளைச் சொல்ல முயல்வோம்.

ஒதெஸ்ஸா நகரில் 1860-இல் பிறந்தவர் ஹாஃப்கின் என்ற அறிஞர். பாரிஸில் பாஸ்டரின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிக் காலராவுக்கு ஓர் ஊசி மருந்து கண்டார்; 1892-இல் அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு இந்தியா வந்தார். கல்கத்தாவின் பஸ்திகளில், அதாவது குடிசைப் பகுதிகளில், அன்று குளங்களே குடிநீருக்கு ஆதாரம். காலராக் கிருமியை 1884-இல் ராபர்ட் காக் அந்நகரத்துக் குளத்து நீரிலும் கண்டார்.

1894 மார்ச் மாத இறுதியில், காட்டால் பாகான் என்னும் பஸ்தியில் இருவர் காலராவுக்குப் பலியானார்கள். அங்கே இரண்டு குளங்களைச் சுற்றிச் சுமார் 200 பேர் வாழ்ந்துவந்தனர். அவர்களுள் 116 பேருக்கு ஹாஃப்கினின் ஊசி போடப்பட்டது. எஞ்சியவர் சுமார் 84 பேர். அதன் பின்னர் அந்தப் பஸ்தியில் 10 பேரை நோய் தாக்கியது. அவர்களுள் 7 பேர் இறந்தனர். அந்தப் பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். ஊசி போட்டுக்கொண்ட 116 பேரில் ஒருவரையும் நோய் அண்டவில்லை.

கேட்டவுடன் நெஞ்சில் தைக்கும் செய்தி இது. ஆனால் ஐயப்படுபவன் ஒருவன் எழுந்து, 'இது தற்செயலாக நேர்ந்திருக்கலாமே' என்கிறான் என்று கொள்வோம். அவனுக்கு எப்படி விடை சொல்வது? 'எப்படி ஐயா தற்செயலாகும்?' என்று குரலை உயர்த்துவது விடையாகாது. புள்ளியியல் அவனை எதிர்ப்பதில்லை. 'சரி, நீர் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம்' என்று இணங்கிப் போகிறது. ஊசிக்கும் நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்ற இந்த அனுமதியை இன்மைக் கருதுகோள் என்று பெயரிட்டு அழைப்பார்கள். நம் ஊர்த் தருக்க சாஸ்திரிகள் எதிராளியின் கட்சியை முதலில் தாமே எடுத்துரைத்துப் பின்னர் மறுப்பதுபோன்றது இந்த முறை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் சொல்லப்படும் குடவோலை நேயர்களுக்கு நினைவிருக்கும். அதுபோல ஒரு குடத்தில் 200 ஓலைகளை இடுவோம். அவற்றுள் 116 ஓலைகளில் ஒரு புள்ளி. 84 ஓலைகள் வெறுமை. ஒரு சிறுவனைக் கொண்டு பத்து ஓலைகளை எடுக்கச் செய்வோம். பத்தும் வெறும் ஓலைகளாகவே வர என்ன வாய்ப்பு? முதல் ஓலை வெறுமையாக இருப்பதற்கு வாய்ப்பு 200-க்கு 84. இரண்டாவதற்கு 199-க்கு 83. இவ்வாறு பத்துப் பின்னங்களையும் பெருக்கினால், ஏறத்தாழ எண்ணாயிரத்தில் ஒன்று என்று வருகிறது. ஊசி பயனற்றது என்பவன் எண்ணாயிரத்தில் ஒருமுறை நேரக்கூடிய அதிசயம் அன்று நேர்ந்தது என்று நம்பவேண்டியவனாகிறான். நம்ப மனமில்லையென்றால் தன் கட்சியைக் கைவிடவேண்டும். வகைப்பாட்டு விவரங்களிலிருந்து அனுமானம் செய்வது என்பதன் உயிர்நிலை இவ்வளவே. பிற்காலத்தில் ஆர். ஏ. ஃபிஷர் இவ்வகைக் கணக்கை நன்கு வரையறுத்துத் தந்தார்.

நிற்க. அந்த எண்ணாயிரத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்று இனிப் பார்க்கவேண்டும். சிறுவன் ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஓர் ஓலைக்கும் அடுத்ததற்கும் உறவில்லை. காலரா அப்படி வருவதன்று. அது ஒரு வீட்டுக்குள் ஒரு பானைத் தண்ணீரோடு வருகிறது; தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வருகிறது. ஊசியும் பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகத்தான் போடப்படும். வீட்டுப் பெரியவர் சம்மதித்தால் எல்லாரும் கை நீட்டுவார்கள், அவர் மறுத்தால் ஒருவரும் நீட்டார். அந்தப் பத்துப் பேரும் நான்கே வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாம் உண்மையில் எடுத்தவை பத்து ஓலைகள் அல்ல, நான்கே. எண்ணாயிரத்தில் ஒன்று என்றது ஏறத்தாழ முப்பதில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அட்டவணையில் ஓர் எண்ணும் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மாறியது எண்ணின் பின்னாலுள்ள வாழ்க்கையைப் பற்றிய நம் அறிவு.

கூடிய எண்ணிக்கையுள்ள அட்டவணை ஒன்றையும் பார்ப்போம். மேஜர் கிரீன்வுட், உட்னி யூல் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் 1915-இல் டைஃபாய்டு, காலரா ஊசிகளைப் பற்றிய புள்ளிவிவரங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ('மேஜர்' என்பது அவருடைய பெயரே, படைப் பதவி அன்று.) அதிலுள்ள காலரா அட்டவணை ஒன்றில் மொத்தம் 818 பேர். ஊசி போட்டுக்கொண்ட 279 பேரில் நோய் கண்டவர் 3 பேர். போட்டுக்கொள்ளாத 539 பேரில் நோய் கண்டவர் 66 பேர். முன்னது நூற்றுக்கு ஒன்றை ஒட்டியது. பின்னது நூற்றுக்குப் பன்னிரண்டு.

இந்த அளவுள்ள எண்களுக்குப் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டிருப்பது அந்நாளில் மலையைக் கிள்ளும் வேலை. அதற்கு ஒரு குறுக்குவழியைக் கார்ல் பியர்ஸன் 1900-ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். கை-வர்க்கச் சோதனை என்பது அதன் பெயர். இங்கே 'கை' என்பது கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். நம் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முறை மிக எளியது. 818 பேரில் நோய் கண்டவர் மொத்தம் 69. ஊசியால் வேற்றுமை ஏதுமில்லை என்றால், இந்த 69 பேரும் இரு பிரிவிலும் விகிதப்படி பிரிந்திருக்கவேண்டும். ஊசி போட்டவர்களில் 23 அல்லது 24 பேர், போடாதவர்களில் 45 அல்லது 46 பேர். உண்மையில் கண்டதோ 3-உம் 66-உம். ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 29.7 வருகிறது. தற்செயல் மட்டுமே வேலை செய்தால் இந்தத் தொகை 3.84-ஐத் தாண்டுவது இருபது முறைக்கு ஒருமுறைதான். 29.7 என்பது கோடியில் ஒருமுறைகூட நேராதது.

இங்கே ஒரு பழைய வழக்கையும் சொல்லிவிடலாம். பியர்ஸன் சோதனையை வகுத்தாரேயன்றி, நான்கு கட்ட அட்டவணைக்கு அதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் அவர் கொண்ட கருத்து நிலைக்கவில்லை. கிரீன்வுடும் யூலும் ஒரே அட்டவணைக்கு இரண்டு வழியில் கணக்கிட்டபோது இரண்டு விடைகள் வந்தன. 1922-இல் ஃபிஷர் இந்த முடிச்சை அவிழ்த்தார். ஓரங்களிலுள்ள கூட்டுத்தொகைகள் தெரிந்துவிட்டால், ஒரு கட்டத்தில் 3 என்று எழுதியவுடன் மற்ற மூன்றும் தாமே நிரம்பிவிடுகின்றன: 276, 66, 473. கட்டங்கள் நான்கானாலும் விருப்பம்போல மாறக்கூடியது ஒன்றே. ஆகவே அளவுகோலும் அந்த ஒன்றுக்கு உரியதே என்றார் அவர். நான்காம் வகுப்புப் பிள்ளை விடுபட்ட எண்ணை நிரப்புவது போன்ற இந்தச் சிறு கவனிப்புக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

கோடியில் ஒன்று என்ற பிறகு பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கிரீன்வுடும் யூலும் அங்கே நிறுத்தாததுதான் அவர்களுடைய பெருமை. தற்செயல் அல்ல என்று தெரிந்துவிட்டது. அவ்வளவால் அது ஊசியின் செயல் என்று ஆகிவிடுமா? ஆகவேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டும் என்றார்கள். இரு பிரிவினரும் முக்கியமான எல்லா வகையிலும் ஒத்தவர்களாக இருக்கவேண்டும். நோய்க்கு ஆட்படும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒருவர் ஊசி போட்டுக்கொண்டவரா என்று தீர்மானிப்பதும், அவருக்கு நோய் வந்ததா என்று தீர்மானிப்பதும் ஒன்றையொன்று சாராமல் நடக்கவேண்டும்.

முதல் நிபந்தனையை எண்ணிப் பாருங்கள். தாமே முன்வந்து ஊசி போட்டுக்கொள்பவர் யார்? பொதுவாக எச்சரிக்கை மிக்கவர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பவர். கண்ட இடத்தில் உண்ணாதவர். ஊசி வெறும் உப்புநீராக இருந்தாலும் அவரை நோய் குறைவாகவே அண்டும். படைவீரர்களுக்குப் போடப்பட்ட டைஃபாய்டு ஊசியைப் பற்றி 1904-இல் பியர்ஸன் எழுப்பிய தடையும் இத்தகையதே. இரண்டாவது நிபந்தனையை, ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் எளிதில் உணர்வார்கள். கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கு வேற்றிடங்களிலிருந்து வந்த கூலியாட்களுக்கும் ஹாஃப்கினின் ஊசி போடப்பட்டது. புதிதாக வந்தவன் எந்த ஓடையில் நீர் மொள்வது என்று அறியான், பழகியவன் அறிவான். ஒரு பிரிவில் புதியவர்களும் மறுபிரிவில் பழையவர்களும் மிகுந்துவிட்டால், நாம் அளப்பது ஊசியை அன்று, ஊர்ப் பழக்கத்தை.

மூன்றாவதே மிகவும் நுட்பமானது. காய்ச்சலோடு ஒருவன் வருகிறான். அவன் டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டவன் என்று வைத்தியருக்குத் தெரியும். 'இவனுக்கு டைஃபாய்டு வர நியாயமில்லையே' என்று அவர் மனம் சாய்கிறது. வேறு காய்ச்சல் என்று எழுதிவிடுகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு தலை ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்துக்குப் போய்விட்டது. அப்புறம் கை-வர்க்கத்தை எத்தனை தசம ஸ்தானம் வரை போட்டாலும் அந்தத் தலை திரும்பி வராது.

இந்த இடத்தில் சொல்லைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய சோதனையில் தேறிய முடிவை ஆங்கிலத்தில் 'சிக்னிஃபிகன்ட்' என்பார்கள். சர்க்கார் அறிக்கைகளைத் தமிழாக்கும் எம் போன்றோர் மேசைக்கு இந்தச் சொல் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அகராதியைப் பார்த்து 'முக்கியமான' என்று எழுதிவிடுவது சுலபம்; பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன. படிப்பவரும், ஏதோ பெரிய பலன் கண்டுவிட்டார்கள் என்று கொள்கிறார். சொல்லின் கருத்து அதுவன்று. தற்செயலால் மட்டும் நேர்ந்தது என்று கொள்ள முடியாதது என்பதே அதன் கருத்து. ஒரு பக்கம் ஒரு லட்சம் பேர், மறுபக்கம் ஒரு லட்சம் பேர். ஒரு பக்கம் நூற்றுக்குப் பத்து, மறுபக்கம் நூற்றுக்குப் பத்தரை என்றால், கை-வர்க்கம் 13-ஐத் தாண்டிச் சோதனையில் தேறிவிடும். அந்த அரை விழுக்காட்டுக்காக ஒருவர் கைப்பணத்தைச் செலவிடலாமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கை-வர்க்கம் விடை சொல்லாது. 'தற்செயலுக்கு அப்பாற்பட்ட' என்று எழுதினால் வாக்கியம் சற்று நீளும். நீளட்டுமே என்பது நம் கட்சி. இருபதில் ஒன்று என்ற எல்லையும் மனிதர் வசதிக்காக வைத்துக்கொண்டதே. இயற்கை நட்ட எல்லைக்கல் அன்று.

எதிர்த்திசையிலும் வழுக்கும் இடம் உண்டு. சோதனையில் தேறவில்லை என்றால் வேற்றுமையே இல்லை என்று சொல்லிவிடுகிறவர்கள் பலர். சென்னையில் 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தார் தொடங்கிய ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. ஒரே மருந்தை ஓராண்டு ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டு முறையிலேயே தீர்மானித்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 80 நோயாளிகளே ஆதலின், இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே ஐந்து முறைக்கு ஒருமுறை நேரக்கூடியது. அதனால் வீடும் சானடோரியமும் சமம் என்று நிரூபணமாகிவிடவில்லை. வீட்டுப் பிரிவு நூற்றுக்குப் பதினைந்து வரை பின்தங்கியிருக்கவும் கூடும், மூன்று நான்கு முந்தியிருக்கவும் கூடும். அந்த எண்கள் அவ்வளவுதான் சொல்லும். நெரிசலான குடிசையில், குறைந்த உணவோடு, இத்தனை பேர் குணமடைந்தார்கள் என்பதும், உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று பின்னர்த் தெரிந்ததும் சேர்ந்தே மருத்துவ உலகின் மனத்தை மாற்றின. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழைகளுக்கு அது எத்தகைய விடுதலை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மீண்டும் காலராவுக்கு வருவோம். ஹாஃப்கின் காலத்து ஊசி வழக்கொழிந்தது. வாய்வழி கொடுக்கும் மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. அத்தகைய மருந்தொன்றைக் கொல்கத்தாவின் பஸ்திகளிலேயே 2006-இல் சோதித்தார்கள். அந்நகரத்திலுள்ள தேசியக் காலரா, குடல்நோய் ஆய்வு நிறுவனமும், சியோலிலுள்ள சர்வதேசத் தடுப்பு மருந்து நிறுவனமும் இணைந்து செய்த வேலை அது. காட்டால் பாகானைப் பற்றி நாம் எழுப்பிய ஐயங்கள் ஒவ்வொன்றுக்கும் அங்கே விடை வைத்திருந்தார்கள்.

தாமே விரும்பி வந்தவர் ஒரு பக்கம், வராதவர் மறுபக்கம் என்று பிரிக்கவில்லை. அங்கு வாழ்ந்தவர்களையே இரண்டாகப் பிரித்தார்கள்; அதுவும் ஆளுக்கு ஆள் அன்று, குடியிருப்புக்குக் குடியிருப்பு. ஒரு குடியிருப்பில் உள்ளோர் அனைவரும் ஒரே பக்கம். இத்தகைய மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் பங்கிட்டார்கள். ஒரு பானைத் தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பவர்களைப் பத்துத் தனி ஓலைகளாக எண்ணும் பிழை இதனால் நீங்கிற்று. கணக்கிடும்போதும் குடியிருப்பையே ஓலையாகக் கொண்டார்கள். மறுபக்கத்தாருக்கு ஒன்றும் கொடுக்காமல் விடவில்லை. காலராவோடு சம்பந்தமில்லாத வேறொரு கிருமியைக் கொன்று ஆக்கிய நீர்மத்தை, பார்வைக்கு அதேபோன்ற குப்பிகளில் கொடுத்தார்கள். எந்தக் குப்பியில் எது என்று உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது, நோயைக் கணித்த வைத்தியருக்கும் தெரியாது. கிரீன்வுட், யூல் ஆகியோரின் மூன்றாவது நிபந்தனை ஒரு குப்பியின் வெளித்தோற்றத்தால் நிறைவேறிவிட்டது.

இரு தவணை உண்டவர்கள் மருந்துப் பக்கத்தில் ஏறத்தாழ 32,000 பேர். மறுபக்கத்தில் ஏறத்தாழ 35,000 பேர். இரண்டு ஆண்டுகளில் மருந்துப் பக்கத்தில் 20 பேருக்கும் மறுபக்கத்தில் 68 பேருக்கும் காலரா கண்டது. மூன்றில் இரண்டு பங்கு நோய் தடுக்கப்பட்டது என்று 2009-இல் அறிவித்தார்கள். காட்டால் பாகானின் 'பத்துக்குப் பத்து' என்ற வியப்பு இந்த எண்களில் இல்லை. மருந்துண்டவர்களில் இருபது பேருக்கு நோய் வந்தே இருக்கிறது. ஆயினும் இரண்டில் எதை நம்பிக் குழந்தைக்கு மருந்து புகட்டுவீர்கள் என்று கேட்டால், நாம் இந்த இருபதையும் அறுபத்தெட்டையும்தான் காட்டுவோம்.

ஆராய்ச்சியாளர் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து எண்ணினார்கள். பாதுகாப்பு அப்போதும் நூற்றுக்கு 65 என்ற அளவில் நின்றது. வயதை மற்றொரு வகைப்பாடாகக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடத்தில் அது நூற்றுக்கு 42 அளவுக்குக் குறைந்திருந்தது. இதற்கிடையில், 2011-இல், உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைத் தன் தகுதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.